ஐந்தே ஆண்டு என்றது அவை

1967-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைக் கோட்டையிற் கூடிய சட்டமன்றம் போன்றதோர் அவையைத் தமிழ்நிலம் அதற்குமுன் கண்டதில்லை. 234 இடங்களுள் 130-க்கும் மேற்பட்டவை தி.மு.க.வின் கைக்கு வந்தன. இருபதாண்டு ஆண்ட பேராயக் கட்சி ஐம்பதளவிற் சுருங்கிற்று. முதலமைச்சர் பத்தவச்சலனார் தோற்றார். விருதுநகரிற் காமராசரே ஓர் இளைஞரிடம் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் அதற்கொரு கரணியம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தும் சுடப்பட்டும் மாய்ந்த இளைஞரின் நினைவே ஒப்போலைகளாய்த் திரண்டு அவ்வுறுப்பினர்களை அங்கே கொண்டுவந்து அமர்த்திற்று. தமிழர் விடுதலை கேட்டு 'நாம் தமிழர்' இயக்கம் நடத்திய ஆதித்தனார் அவைத்தலைவர் இருக்கையில் அமர்ந்தார். ம.பொ.சி.யும் உறுப்பினராய் வந்தார். இத்தகையோர் நிறைந்த அவையிடம் தமிழர் பெரிதும் எதிர்பார்த்ததில் வியப்பென்ன?

அவ்வெதிர்பார்ப்பை அவை முதலிற் பொய்ப்பிக்கவில்லை. 1956-இல் விருதுநகரில் 76 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனாரின் வேட்கையை, 1967 சூலை 18-இல் அது எதிர்ப்பின்றி நிறைவேற்றிற்று. 'தமிழ்நாடு' என்று அண்ணா மும்முறை முழங்க, உறுப்பினரெல்லாம் 'வாழ்க' என்று எதிரொலித்தனர். அண்ணாவோ அன்று மேலவை உறுப்பினர். கீழவையிற் பேசலாமேயன்றி, ஒப்போலையிடும் உரிமை அவர்க்கில்லை. 1969 சனவரி 14-இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. இருபதே நாளில் அவர் மறைந்தார். ஆங்கில எழுத்தில் அப்பெயர் தன் ழகரத்தை இழந்தே பதிவாயிற்று என்பது வேறு செய்தி.

வடமொழி மந்திரமும் புரோகிதரும் இன்றி நடந்த தன்மதிப்புத் திருமணங்கட்கு அதே 1967-இல் அவ்வவை சட்ட ஏற்பளித்தது. முன்னரே நடந்த அத்தகைய மணங்களும் செல்லும் என்றது; எத்துணைக் குடும்பங்களின் மானத்தைக் காத்த செயல் அது! மணமக்கள் தமக்கு விளங்கும் எம்மொழியிலும் உறுதி கூறலாம் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. அச்சட்டமோ அம்மணமக்களுட் பெரும்பாலார்க்கு விளங்காத ஆங்கிலத்தில் எழுதப்பட்டது! மாநிலச் சட்டமன்றம் தன் சட்டங்களைத் தன் மொழியில் இயற்ற அரசியற் சட்டத்தின் 348-ஆம் பிரிவு தடையாக நிற்கவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டு, அதனையே உறுதிப் பாடமாகக் கொள்ளவேண்டும் என்றுதான் அது பணிக்கிறது. வீட்டுக்குடையவன் திண்ணையிலும் விருந்தாளி உள்ளறையிலும் இருக்கும் ஏற்பாடு இது. எனினும் திண்ணையிலேனும் அமர்வதற்கு எத்துணைத் தயக்கம்!

1968 சனவரி 23-இல் அவ்வவை நிறைவேற்றிய மொழித் தீர்மானம் இன்றும் மேடைதோறும் போற்றப்படுகின்றது. பள்ளிகளினின்று இந்தி நீங்கியதும், மாணவர் படையில் இந்தி ஏவற்சொற்கள் மறுக்கப்பட்டதும் அதன் விளைவுகளே. ஆனால் அத்தீர்மானத்தின் மற்றொரு பகுதியை மேடைகள் மறந்தன. கல்லூரிகளிலெல்லாம் தமிழே பயிற்றுமொழியாகவும், அரசின் பல்வேறு துறைகளிலும் தமிழே ஆட்சிமொழியாகவும் ஐந்தாண்டுக்குள் ஆகவேண்டும் என்பது அப்பகுதி. இந்தியை நீக்கிய பாதி நிறைவேறியது. தமிழை அமர்த்தும் பாதி தாளிலேயே தங்கியது. நீக்கிய இடத்தில் ஆங்கிலம் கால்நீட்டிப் படுத்துக்கொண்டது.

1970-இல் கல்லூரிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக்க அரசு முற்பட்டபொழுது மாணவரிடமிருந்தே எதிர்ப்பெழுந்தது, அரசு பின்வாங்கிற்று. ஐந்தாண்டுக்குமுன் தமிழுக்காகத் தெருவில் இறங்கிய மாணவருலகம், தமிழில் படித்தால் வேலை கிட்டுமோ என்று அஞ்சிற்று. அவ்வச்சத்தை இழிவென்று சொல்லிவிடுதல் எளிது. தமிழிற் படித்தவனுக்கு இன்ன வேலை உறுதி என்று சட்டம் செய்துவிட்டு, அதன்பின் பயிற்றுமொழியை மாற்றியிருக்க வேண்டும். கூரை வேயாமற் குடியேறச் சொன்னால் எவன் வருவான்?

1971 சனவரியில் அவை கலைந்தது. அது விதித்த ஐந்தாண்டுக் கெடு 1973-இல் ஓசையின்றிக் கழிந்தது. அவ்வவை இருந்த காலத்திலேயே, 1969-இல், உத்தரப் பிரதேச உயர்நீதிமன்றத்தில் இந்திக்கு இசைவு கிடைத்தது. தமிழுக்கு அவ்வுரிமை கேட்டு 2006-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்துக்கோ இசைவு கிட்டவில்லை. பொறியியற் கல்வியில் இரு பிரிவுகட்குத் தமிழ்வழி தொடங்கியது 2010-இல். ஐந்தாண்டு என்றது நாற்பத்திரண்டு ஆண்டாயிற்று, அதுவும் இரு பிரிவுகட்கு மட்டும்.

1968 தீர்மானத்தின் பெருமையைப் பேசி ஒப்போலை கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், அந்த மறந்த பகுதியைப் படித்துக்காட்டி, எந்த ஆண்டு, எந்தத் துறை, எந்தக் கல்லூரி என்று தமிழர் எழுதி வாங்குதல் வேண்டும்.