தப்பின் ஓசை யாருக்குக் கசக்கிறது?

பன்வில மலைச்சாரல் தோட்டமொன்றிலே, மாசித் திங்கள் இரவொன்றில், விடியும்வரை விழித்திருந்து காமன் கூத்தைக் கண்டோம். உண்மையை ஒளிப்பானேன்? சபைகளிலே ஆலாபனை கேட்டுப் பழகிய செவி எமது செவி. முதல் நாழிகையில் தப்பின் முழக்கம் எமக்கும் வெறும் இரைச்சலாகவே பட்டது. பின்னர்தான் செவி திறந்தது. காமன் வரும்போது ஓர் அடி. தூதன் வரும்போது வேறோர் அடி. வீரபத்திரன் வரும்போது நெஞ்சை நடுக்கும் அடி! ஏட்டில் எழுதாமல் தந்தை மகனுக்குக் கையால் கற்பித்த இலக்கணம் அது.

எரிந்துபோன கணவனை எண்ணி ரதி புலம்பினாள். எம்மருகே இருந்த முதிய தாயொருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் அழுதது ரதிக்காக மட்டுமன்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரால் கப்பலேற்றப்பட்ட தன் தமக்கைக்காகவும் அழுதாள்.

இதனையா "கூலிக் கூத்து" என்று கனவான்கள் ஒதுக்குகின்றனர்? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று இம்மக்களைக் கேட்டது. ஏட்டிலே இல்லாத அத்தாட்சி அவர்கள் பாட்டிலே இருந்தது. பெரட்டுக்களமும், கங்காணியின் கெடுபிடியும், மலையேறிக் கொழுந்தெடுத்த கைகளின் வலியும் அப்பாட்டுகளில் பதிந்து கிடக்கின்றன. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் மேடைகளிலே பாடியே மக்களைத் தட்டி எழுப்பினார். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர்கள் அறிந்த பெருமையை நாம் மறந்தோம்.

தப்பு செவிக்குக் கசக்கிறதா? இல்லை! அதை அடிக்கும் கை இன்னாருடையது என்ற நினைப்பே கசக்கிறது. சாவுக்கு அழைப்போம், மணப்பந்தலுக்கு அழையோம். இது துரை செய்த அநீதியன்று. நம்மவர் நம்மவருக்கே செய்வது.

எமது குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். கூட்டம் சேர்க்கத் தப்பை முழக்குவோம். கூட்டம் சேர்ந்ததும் தப்புக்காரரை மேடைக்குக் கீழே நிறுத்துவோம். பேசியவருக்கு மாலை, அடித்தவருக்குத் தேநீர்! உரிமை பேசும் மேடைக்கு இது தகுமா?

தமிழகத்திலே பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். நினைவுகூர்ந்தால் மட்டும் போதுமா?

வழக்கறிஞர்களே, வைத்தியர்களே, ஆசிரியர்களே! உங்கள் இல்ல விழாவுக்குத் தப்புக் கலைஞரை அழையுங்கள், கூலியை முன்கூட்டியே பேசிக் குறையாது கொடுங்கள், ஆசனமும் கொடுங்கள். முதிய தாய்மாரின் பாடல்களை, அவர்கள் உயிரோடிருக்கும்போதே பதிவுசெய்யுங்கள். உழவர்களே! களத்துமேட்டுப் பாட்டின் அருமை அறிந்தவர்கள் நீங்கள். கொழுந்து மலையின் பாட்டு அதன் உடன்பிறப்பு என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நாமும் ஒரு முடிவு செய்துவிட்டோம். இனி எமது கூட்டங்களில் தப்புக் கலைஞர் மேடையிலே அமர்வார். அவருக்கு இடமில்லாத மேடையில் எமக்கும் இடம் வேண்டாம்!