பருத்தி விதை யார் கையில்?

குண்டலுபேட்டை:
கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் குண்டலுபேட்டை தாலுகாவின் மானாவாரி நிலங்களில் உழவு தொடங்கிவிடுகிறது. முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997-ல் சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்த பகுதி இது. மஞ்சள், சின்ன வெங்காயம், வாழை, செண்டுமல்லி ஆகியவற்றோடு இங்கே பருத்தியும் உண்டு. சென்ற ஆண்டு எடுத்து வைத்த பருத்திக்கொட்டையைச் சாணிப்பாலில் புரட்டி விதைத்த காலம் மறைந்துவிட்டது. இன்று விதை, கடையிலிருந்து பாக்கெட்டாக வருகிறது.

இந்த மாநிலத்தில் பிழைக்க வந்த தமிழர்களுக்கும் இது அயலான விஷயம் அல்ல. ஊரில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பலர். இங்கிருந்து போகும் பணத்தில் ஒரு பங்கு விதைக்கும் உரத்துக்கும் தான் போகிறது.

மண்ணில் பிறந்த மருந்து

மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர், காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சை உண்டாக்குகிறது. அந்தக் குணத்துக்கான மரபணுவைப் பருத்திச் செடிக்குள் சேர்த்ததே பி.டி. பருத்தி. 1998 நவம்பரில் ராய்ச்சூர், பெல்லாரி மாவட்டங்களில் இதன் சோதனைப் பயிரை, பேராசிரியர் நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக விவசாயிகள் சங்கத்தினர் பிடுங்கித் தீ வைத்தனர். ஆயினும் 2002 மார்ச் 26-ந் தேதி மத்திய அரசின் குழு அனுமதி அளித்தது. கர்நாடகமும் தமிழ்நாடும் உள்ளிட்ட 6 மாநிலங்களுக்கு 3 வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன.

பலன் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2002-03-ல் நாட்டில் எக்டேருக்குச் சராசரி 302 கிலோவாக இருந்த பஞ்சு, 2007-08-ல் 554 கிலோவாயிற்று. காய்ப்புழுவுக்கு மருந்தடிக்கும் செலவு குறைந்தது. பாசன வசதி, கூடுதல் உரம், புதிய பூச்சி மருந்துகள் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்று பருத்தி விஞ்ஞானிகள் சிலர் கூறுகின்றனர். உயர்ந்த விளைச்சல் அங்கேயே நிற்கவும் இல்லை. பிற்காலத்தில் 450 கிலோ அளவுக்கு இறங்கியது.

விதையின் விலை வேறு கதை. தொடக்கத்தில் 450 கிராம் பாக்கெட் சுமார் 1,600 ரூபாய். ஆந்திர அரசு வழக்காடிய பிறகே, 2006-ல் 750 ரூபாயாக இறங்கியது. 2016 முதல் மத்திய அரசே உச்ச விலையை நிர்ணயிக்கிறது.

புழு பழகிக்கொண்டது

பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தரப்பட்டது. அதை வயலின் ஓரத்தில் விதைக்க வேண்டும். நஞ்சுக்குப் பழகாத புழுக்கள் அங்கே பிழைத்திருந்தால்தான், பழகிய புழுக்களோடு கலந்து எதிர்ப்புச் சக்தி பரவாமல் தடுக்கும். ஆனால் ஒரு ஏக்கர்காரர் தம் நிலத்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பாரா? பெரும்பாலோர் விதைக்கவில்லை. காரணத்தைப் புரியும்படி எடுத்துச் சொன்னவர்களும் குறைவு. குஜராத்தில் 2009-ல் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ரகத்தை வென்றுவிட்டது தெரிந்தது. 2015-க்குள் இரட்டை மரபணு ரகமும் அங்கே தோற்றது. வெள்ளை ஈ, அசுவினி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு இந்த மரபணு தொடக்கம் முதலே மருந்தல்ல.

தார்வாட் முயற்சி

கர்நாடகத்திலேயே ஒரு மாற்று வழி திறந்தது. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் நாகபுரி மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து "பிக்கானேரி நர்மா பி.டி." ரகத்தை உருவாக்கின. இது ஒட்டு ரகம் அல்ல. விளைச்சலிலிருந்தே விதை எடுத்து மறு ஆண்டு விதைக்கலாம். 2009-ல் 2 கிலோ 200 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. ஆனால் தனியார் நிறுவனத்தின் மரபணு அதில் கலந்திருப்பது தெரியவந்து, அதே ஆண்டில் விற்பனை நிறுத்தப்பட்டது. அரசுக் கூடத்தின் கவனக்குறைவுக்கு விலை கொடுத்தவர்கள் சிறு விவசாயிகளே.

அண்டை நாடான வங்காளதேசம் வேறு பாதையில் சென்றது. அங்கே 2014-ல் பி.டி. கத்தரியை அரசு ஆராய்ச்சி நிலையமே விவசாயிகளுக்குக் கொடுத்தது. அவர்கள் விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். கோவையும் தார்வாடும் பங்கேற்று உருவாக்கிய இந்தியக் கத்தரிக்கோ, 2010 பிப்ரவரி 9-ந் தேதி மத்திய அரசு தடை போட்டது. பாதுகாப்பைப் பற்றிய ஐயங்கள் தீரவில்லை என்பது அப்போது கூறப்பட்ட காரணம்.

வெறும் உரிமையா?

விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் விவசாயிக்கு 2001-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. ஒட்டு விதையைச் சேமித்தால் அடுத்த பயிர் ஒரே சீராக வராது. எனவே சட்டத்தில் இருக்கும் உரிமை வயலில் இல்லை.

புதிய விஞ்ஞானம் வேண்டுமா, வேண்டாமா என்பது மட்டும் கேள்வி அல்ல. விதை யார் கையில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. மறு ஆண்டும் விதைக்கக் கூடிய நல்ல ரகங்களை, தக்க சோதனைக்குப் பின், அரசுப் பல்கலைக்கழகங்களே தர வேண்டும். புழு எப்படிப் பழகுகிறது என்பதைக் கன்னடத்திலும் தமிழிலும் வயலுக்கே வந்து சொல்ல வேண்டும். அதுவரை, மழை வந்தால் வானத்தைப் பார்ப்பதற்கு முன் விவசாயி விதைக் கடையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.