நேட்டால் கறையானும் ஓர் ஆள்மாறாட்டமும்

வகைப்பாட்டியலாளர்களுக்கு வேறு வேலை இல்லை, இருக்கிற பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். ஆப்பிரிக்கக் கறையான் ஒன்றின் கதையைப் படித்தபின் அந்தச் சலிப்பு போய்விட்டது.

சியரா லியோனில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஹென்றி ஸ்மீத்மன், 1781இல் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிய நெடுங்கடிதத்தில் அங்கு பெரும்புற்றெழுப்பும் கறையானுக்கு 'பெல்லிகோசஸ்' என்று பெயரிட்டார். போர்க்குணமுடையது என்று பொருள். (அடிமை வணிகர்களின் தயவில் தங்கியிருந்தவருக்குப் புற்றுக்குள் அரசனும் அரசியும் படைவீரரும் தெரிந்ததில் வியப்பில்லை.) 1898இல் ஹாவிலண்ட் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலிருந்து இன்னொன்றை விவரித்து 'நேட்டாலென்சிஸ்' என்றழைத்தார். இவை இரண்டும் இன்று மாக்ரோடெர்மெஸ் பேரினத்தைச் சேர்ந்தவை.

குழப்பம் அதன்பிறகு வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் புற்றுகளுக்கும் நேட்டாலின் பெயரையே சூட்டிவிட்டார்கள். 1959இல் பியேர் பால் கிராசே, கறையான்கள் ஒன்றையொன்று ஏவாமல், கட்டப்பட்ட மண்ணே அடுத்த மண்ணுருண்டையை வைக்கத் தூண்டுகிறது என்ற 'ஸ்டிக்மர்ஜி' கருத்தை முன்வைத்தார். பின்னாளில் கணினித்துறையினரும் எடுத்தாண்ட அக்கட்டுரையின் தலைப்பிலேயே 'பெல்லிகோசிடெர்மெஸ் நேட்டாலென்சிஸ்' இருக்கிறது. புற்றின் காற்றோட்டத்தை விளக்கி 1961இல் மார்ட்டின் லூஷர் எழுதியதும் இப்பெயரில்தான். அவர் ஆய்ந்த புற்றுகள் இருந்ததோ ஐவரி கோஸ்ட்டில்!

1970இல் ரூயெல் இப்பேரினத்தின் ஆப்பிரிக்க இனங்களை மறுபரிசீலனை செய்து, நேட்டாலென்சிஸ் தென்பகுதிக்குரியது என்று வரையறுத்தார். லூஷர் கண்டது ஸ்மீத்மனின் பெல்லிகோசஸ். கிராசேயின் கறையானும் அதுவே என்று கருதப்படுகிறது. பெல்லிகோசிடெர்மெஸ் என்ற பேரினமும் மாக்ரோடெர்மெஸில் கரைந்தது. அருங்காட்சியக இழுப்பறைகளின் முன் அமர்ந்து செய்யப்பட்ட இந்த வேலைக்கு, ஸ்டிக்மர்ஜிக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை.

பெயர் எதுவானால் என்ன, கருத்து சரிதானே என்று கேட்கலாம். கருத்தளவில் அது சரியே. ஆனால் 2014இல் மாக்ரோடெர்மெஸ் நேட்டாலென்சிஸின் மரபணுத்தொகுதி வெளியானது. அது தென்னாப்பிரிக்காவின் அசல் நேட்டாலென்சிஸ். அந்த மரபணுக்களை லூஷரின் புற்றோடு பொருத்தி ஒருவர் விளக்கம் எழுதினால், இரண்டு வேறு உயிர்களை ஒட்டுப்போட்டு, இல்லாத மூன்றாவதைப் படைத்தவராவார். பெயர் ஒன்றாக இருப்பதால் பிழை கண்ணில் படவும் படாது.

பழைய கட்டுரைகளின் தலைப்பைத் திருத்தச் சொல்லவில்லை. வரலாறு அப்படியே இருக்கட்டும். ஆனால் அவற்றை மேற்கோள் காட்டுபவர், புற்று எந்த நாட்டில் இருந்தது என்பதை ஒரு சொல்லில் சேர்க்கலாம். 'ஐவரி கோஸ்ட்' என்று எழுதியிருந்தாலே, 'நேட்டால்' என்ற சொல் அருகில் வந்ததும் படிப்பவர் ஒரு கணம் நின்றிருப்பார்.