குடிக்கும் தண்ணீருக்குக் கணக்கு எங்கே?

தண்ணீர் தெளிவாக இருக்கும். வாடை அடிக்காது. வாயில் வைத்தால் ருசியாகவும் இருக்கும். ஆனாலும் அதில் விஷம் இருக்கலாம். அப்படிப்பட்ட விஷங்களில் ஒன்று, யுரேனியம்.

யுரேனியம் ஓர் உலோகம். கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களுக்கு அதுதான் விறகு. அது பாறைக்குள் ஒளிந்து கிடக்கிறது. அதை வெட்டி எடுக்க 1967-ல் இந்திய யுரேனியம் கழகம் ஏற்பட்டது. ஜார்க்கண்டு மாநிலம் ஜாதுகுடாவில் சுரங்கமும் ஆலையும் அமைந்தன.

சேறு படுத்தும் பாடு

அங்கே 1,000 கிலோ பாறையை அரைத்தால், கிடைக்கும் யுரேனியம் 1 கிலோ கூட இல்லை. மீதி எல்லாம் சேறு! அதைப் பெரிய குட்டைகளில் தேக்குகிறார்கள்.

யுரேனியத்தை எடுத்த பிறகும் ரேடியம் போன்ற பொருள்கள் சேற்றிலேயே தங்கிவிடும். ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். தஞ்சைப் பெரிய கோவில் கட்டி 1,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அன்று கொட்டிய சேறாக இருந்தால், இன்னும் பாதி வீரியம் கூடக் குறைந்திராது.

2006 டிசம்பர் 24-ந் தேதி ஜாதுகுடாவில் சேறு போகும் குழாய் உடைந்தது. சேறு ஓடையில் கலந்தது.

அமெரிக்காவிலும் இப்படி நடந்தது. 1979 ஜூலை 16-ந் தேதி, நியூ மெக்சிகோவில் சர்ச் ராக் என்ற இடத்தில் சேற்றுக் குட்டையின் கரை உடைந்தது. சுமார் 35 கோடி லிட்டர் கழிவுநீர் ஆற்றில் பாய்ந்தது. நவாஹோ பழங்குடி மக்கள் ஆடு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய ஆறு அது.

பக்கத்து மாநிலத்தில்

ஆந்திராவில் கடப்பை ஜில்லா தும்மலப்பள்ளியில் 2012-ல் யுரேனியம் ஆலை தொடங்கியது. சேற்றுக் குட்டையால் ஆழ்குழாய்க் கிணறுகள் கெட்டன, வாழை கருகியது என்று விவசாயிகள் முறையிட்டனர். கழகம் மறுத்தது.

யார் சொல்வது சரி? தண்ணீரைச் சோதித்தால் தெரிந்துவிடும். முடிவை ஊரார் பார்க்கும்படி எழுதி வைத்தால் சண்டைக்கே இடமில்லை. மூடி மறைத்தால்தான் சந்தேகம் வளரும்.

நமக்கு என்ன?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் யுரேனியம் சுரங்கம் கிடையாது. வீண் பீதி வேண்டாம். ஆனால் அங்கேயும் பல வீடுகளுக்கு ஆழ்குழாய்க் கிணறுதான் கதி. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் இருந்து இருக்கிறது. அது பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதே வட்டாரத்தில் கொரட்டூர் ஏரி சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து கெட்டது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

சுரங்கம் இல்லாத ஊரிலும், பாறையில் இருந்து இயற்கையாகவே யுரேனியம் நிலத்தடி நீரில் கரைவது உண்டு. 1 லிட்டரில் 30 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. அளவு மீறினால் சிறுநீரகம் கெடும்.

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். யுரேனியம் போகாது. ஆலைக் கழிவில் வரும் ஈயமும் குரோமியமும் போகா. சோதனைச்சாலைதான் உண்மையைச் சொல்லும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு வார்டிலும் கிணற்று நீரை ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், சர்க்கார் சோதிக்க வேண்டும். லாரித் தண்ணீரையும் விடக் கூடாது. முடிவை எளிய தமிழில் தெருமுனையில் எழுதிப் போட வேண்டும்.

ரேஷன் கடையில் அரிசி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று பலகையில் எழுதுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் அதைப் படித்துக் கேள்வி கேட்கிறார்கள்.

அரிசிக்குக் கணக்கு இருக்கிறது. அந்த அரிசியை வேகவைக்கும் தண்ணீருக்கும் கணக்கு வேண்டும்.