நான்கு துளையும் பொருந்தினால் போதுமா?

அண்மையில் என் தங்கையின் மகன், மனைவி பிள்ளைகளுடன் அக்குறணையிலிருந்து கொழும்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வாகனம் சுசுகி வேகன் ஆர். போன மாதம்தான் அதற்கு அலோய் வீல் போட்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும் முன்பே மருமகள் முறையிட்டார்.

"மாமா, எழுபதுக்கு மேல போனா ஸ்டியரிங் நடுங்குது. இவர் றோட்டுதான் சரியில்ல என்டு சொல்றார்."

வீல் ஸ்பெனரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். முன்பக்க இடது வீலில் இரண்டு நட்டுகள் சாதாரணமாக அழுத்தியதற்கே அரைச் சுற்று சுழன்றன. அந்த நிலையில்தான் கடுகண்ணாவை இறக்கத்தை இறங்கி, இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

"கடையில நாலு துளை, நூறு, அப்படியே விழும் என்டு சொன்னாங்க மாமா" என்றார் மருமகன். கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது கால்வாசி உண்மை.

நான்கு துளைகளின் நடுப்புள்ளிகளையும் தொட்டு ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் 100 மில்லிமீட்டர். இதைத்தான் பி.சி.டி. என்கிறார்கள். வேகன் ஆருக்கும் 100, ஹொண்டா ஃபிட்டுக்கும் 100. மருமகன் வாங்கியது பழைய ஃபிட் ஒன்றில் இருந்து கழற்றிய வீல், டயருடன் சேர்த்து. அதுவும் 14 அங்குலம், இதுவும் 14 அங்குலம். வேறென்ன வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான்.

முதலில் நடுத்துளையைப் பாருங்கள். வேகன் ஆரின் அச்சு முனை 54 மில்லிமீட்டர். ஹொண்டா வீலின் நடுத்துளை 56 மில்லிமீட்டர். வீல் நடுவில் உட்காராமல் நட்டுகளின் தயவில் நிற்கிறது. வேகம் கூடும்போது வரும் நடுக்கத்துக்கு இது ஒரு காரணம். இந்த இடைவெளியை நிரப்ப மெல்லிய வளையம் ஒன்று இருக்கிறது, ஹப் ரிங் என்று கேட்டால் தருவார்கள். பல வாகனங்களுக்குப் பொதுவாகச் செய்யப்படும் ஜப்பானிய வீல்களில் நடுத்துளை 73 மில்லிமீட்டர் வரைகூட இருக்கும். அவற்றுக்கும் பொருத்தமான வளையம் போட்டே பூட்ட வேண்டும்.

அடுத்தது நட்டு. நான் பயந்தது இதற்குத்தான். ஹொண்டா கொம்பனியின் சொந்த வீலில் நட்டு உட்காரும் குழி, கிண்ணம் போல வளைந்திருக்கும். சுசுகியின் நட்டு முனை புனல் போல நேராகச் சரிந்திருக்கும். கூம்பு நட்டைக் கிண்ணக் குழியில் இறுக்கினால் அது முழுவதுமாகப் பதியாது, ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். இறுக்கும்போது நன்றாக இறுகியது போலவே இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் தளர்ந்துவிடும்.

அப்படியானால் ஹொண்டா நட்டையே போடலாமே என்று கேட்பீர்கள். அதுவும் முடியாது. இரண்டும் 12 மில்லிமீட்டர்தான், ஆனால் சுசுகியின் புரி 1.25, ஹொண்டாவின் புரி 1.5. கையால் ஓரிரு சுற்றுப் போய் நின்றுவிடும். காற்றுத் துப்பாக்கியால் அடித்து ஏற்றினால் போல்ட்டின் புரியே போய்விடும்.

இனி டயர். வேகன் ஆரில் கொம்பனி போட்டது 155/65 ஆர் 14. ஃபிட்டின் டயர் 175/65 ஆர் 14. ஒரு கணக்குப் பார்ப்போம். 155இல் 65 சதவீதம் 100.75. மேலும் கீழுமாக இருமடங்கு 201.5. ரிம் 14 அங்குலம் என்றால் 355.6. மொத்த உயரம் 557 மில்லிமீட்டர். அதேபோல் ஃபிட்டின் டயரைக் கணக்கிட்டால் 583 வருகிறது. 26 மில்லிமீட்டர் அதிகம். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது மட்காட்டில் உரசும் சத்தம் கேட்டது இதனால்தான். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வாகனம் உண்மையில் 63 அளவில் ஓடும். 105 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 100 மட்டுமே ஏறும். பெற்றோல் அதிகமாகக் குடிக்கிறது என்ற கவலையில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழை. மீதி, 660 சீசீ என்ஜின் பாரமான வீலைச் சுற்றப் படும் பாடு.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் பலரும் இருக்கும் வாகனத்தையே அலங்கரிக்கத் தொடங்கினார்கள். அதில் தவறில்லை. வேகன் ஆருக்கு அலோய் வேண்டுமென்றால் அதே வேகன் ஆரின் ஸ்டிங்ரே வகையில் கொம்பனியே போட்ட 15 அங்குல வீல் இருக்கிறது. டயர் 165/55 ஆர் 15. உயரம் 562, ஒரு சதவீத வித்தியாசம்தான். பஞ்சிகாவத்தையில் தேடினால் அகப்படும். ஹஸ்லரின் 15 அங்குல வீலும் பூட்டலாம், ஆனால் அதிலுள்ள 165/60 டயர் 579 உயரம் என்பதை மறக்க வேண்டாம். 16 அங்குலம் எனக்குப் பிடிப்பதில்லை. 165/45 டயரில் பக்கச் சுவர் 74 மில்லிமீட்டர் மட்டுமே. நம் ஊர்ப் பாதைக் குழியில் ஒருமுறை விழுந்தால் ரிம் வளைந்துவிடும்.

பாவித்த டயர் வாங்குகிறவர்கள் பூக்களை மட்டும் பார்க்கிறார்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ முழுதாக இருந்தாலும் அப்படிப்பட்ட கிழட்டு டயரைப் பிள்ளைகள் ஏறும் வாகனத்துக்கு நான் போடமாட்டேன். அளவுக்குப் பக்கத்தில் 75 என்றிருந்தால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும். அதற்குக் குறைந்தது வேண்டாம். எதைப் போட்டாலும் நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

அன்று மாலையே மருமகனின் பழைய இரும்பு வீல்களைத் தேட வேண்டியிருந்தது. அவற்றை அந்தக் கடையிலேயே விலைக்குக் கழித்துக்கொண்டு வந்துவிட்டார். இந்த வாகனத்துக்கு ஸ்பெயார் வீலும் கிடையாது, பஞ்சர் மருந்துதான். கடைசியில் என் நண்பர் ஒருவரின் கராஜில் நான்கு இரும்பு வீல் இரவலாகக் கிடைத்தது. பழைய நட்டுகளை மட்டும் மருமகள் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் பத்திரமாக வைத்திருந்தார்.