ஆசைக்கு ஒரு கார், அவசரத்துக்கு ஒரு கார்!

எங்கள் தாம்பரம் பக்கத்தில் பழைய கார் மேல் ஆசை வைத்திருக்கும் ஆண்கள் கொஞ்சம் அதிகம். அதற்குக் காரணமும் இருக்கிறது. 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' பிறந்த இடம் இது. 1948-ல் ஆரம்பித்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை பெருங்களத்தூரில்தான் இருந்தது. 1961-ல் ஹெரால்டு, 1972-ல் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று வரிசையாக வந்து, 1988-ல் எல்லாம் நின்று போனது. இன்று அந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

அந்த ஹெரால்டில் ஒன்று எங்கள் வீட்டு ஷெட்டிலும் இருக்கிறது. என் மாமனார் வாங்கியது. ஐம்பது வயதைத் தாண்டி விட்டது. போன மாதம் என் சீட்டுப் பணம் மூன்று லட்சம் கைக்கு வந்ததும் வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பமாகி விட்டது. அந்தப் பணத்தில் ஹெரால்டின் இஞ்சினைப் பிரித்து, பெயின்ட் அடித்து, சீட் தைத்துப் புதுசு போல ஆக்க வேண்டும் என்பது என் கணவர் கட்சி. அதை முன்பணமாகக் கட்டி, மீதிக்குக் கடன் போட்டு, சின்னதாக ஒரு புதுக் கார் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அவர் பக்க நியாயத்தைச் சொல்லி விடுகிறேன். ஹெரால்டு அழகான வண்டி. இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கேலோட்டி வரைந்து கொடுத்த வடிவம். அதன் பானெட் முன்பக்கமாக மட்கார்டோடு சேர்ந்து அப்படியே தூக்கிக் கொள்ளும். இஞ்சின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். முன் சக்கரம் நன்றாக மடங்குவதால் எங்கள் குறுகிய தெருவில்கூடச் சுலபமாகத் திருப்பி விடலாம். "இதை ஸ்பேனர் வெச்சே சரி பண்ணிடலாம். உன் புதுக் கார்ல ஒரு லைட் எரிஞ்சாக்கூட கம்ப்யூட்டர்ல மாட்டிப் பார்க்கணும்" என்பார். அதுவும் நிஜம்தான்.

ஆனால் தோழிகளே, கார் எப்படிப்பட்டது என்பதை விட, அதில் தினமும் யார் போகப் போகிறார்கள் என்பதுதானே முக்கியம்?

என் மாமியாருக்கு மூட்டு வலி. வாரம் இரண்டு முறை குரோம்பேட்டைக்கு பிசியோதெரபிக்குப் போக வேண்டும். மகள் டியூஷன் முடித்து வரும்போது இரவு எட்டு மணி ஆகிறது. இதெல்லாம் நடப்பது என் கணவர் ஆபீசில் இருக்கும் நேரத்தில். ஹெரால்டை ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் அவர் ஒருவர்தான். அதன் சோக், கிளட்ச் எல்லாம் அவர் கைக்கும் காலுக்கும்தான் பழக்கம். நான் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒருவருக்கு மட்டுமே கட்டுப்படும் வண்டி, அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் இருந்தும் இல்லாத மாதிரிதான். நாங்கள் ஆட்டோவுக்குத்தான் காத்திருக்கிறோம்.

அடுத்தது பாதுகாப்பு. அந்தக் காலத்து ஹெரால்டில் பின் சீட்டுக்கு பெல்ட் கிடையாது. "பெல்ட்தானே, மாட்டிக்கலாம்" என்கிறார். சரி, பெல்ட் மாட்டலாம். ஏர்பேக்கை எங்கே மாட்டுவது? 2022-லிருந்து விற்கப்படும் புதுக் கார்களில் முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே கார்களை மோதிப் பார்த்து, எத்தனை ஸ்டார் என்று சொல்கிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆம்னி பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் பிள்ளையை உட்கார வைத்துப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமா?

சட்டத்தையும் பார்க்க வேண்டும். பதிவு முடிந்த பழைய காரை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆகி விட்டது. "அம்பது வருஷம் ஆயிடுச்சே, விண்டேஜ்னு பதிவு பண்ணிடலாம்" என்கிறார்கள் அவருடைய நண்பர்கள். 2021-ல் வந்த விதிப்படி அப்படிச் செய்யலாம்தான். ஆனால் விண்டேஜ் என்று பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும், ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். மாமியாரை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக முடியாது. இதை முதலிலேயே தெரிந்து கொள்வது நல்லது.

பெட்ரோலும் மாறி விட்டது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய கார்களின் ரப்பர் குழாய்க்கும் வாஷருக்கும் அது ஆகாது. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். கம்பெனியே இல்லாத காருக்குப் பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் தேட வேண்டும். இல்லாவிட்டால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும். மூன்று லட்சத்தில் ஆரம்பிக்கும் வேலை மூன்று லட்சத்தில் முடியும் என்று எந்த மெக்கானிக்கும் எழுதித் தர மாட்டார். புதுக் காருக்கு மாதத் தவணை இவ்வளவு என்று முதல் நாளே தெரிந்து விடும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு ஆறுதல்.

பழசைப் புதுசாக்குகிற ஆசைக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு 2000 காருக்கு வெளியே நவீனமான இங்கிலாந்து ரோவர் காரின் உடம்பு. உள்ளேயோ பழைய வேன்கார்டு காலத்து இஞ்சின். விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். மூன்று வருஷத்தில் நின்று விட்டது. அதே சமயம், 1983 டிசம்பரில் வந்த சின்ன மாருதி 800 எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார் ஆனது. ஆடம்பரம் இல்லாவிட்டாலும் அது வீட்டின் தேவையைத் தெரிந்து வந்த கார்.

அதற்காக ஹெரால்டைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லவில்லை. மாமனார் ஞாபகம் அது. எங்கள் ஊர் மனிதர்களின் கை உழைப்பு அது. இருக்கட்டும். அவருடைய போனஸில் வருஷத்துக்கு ஒரு வேலையாகச் செய்து கொள்ளட்டும். பொங்கலன்று துடைத்து மாலை போட்டு, எல்லோரும் அதோடு நின்று போட்டோ எடுத்துக் கொள்வோம். ஆனால் மாதா மாதம் மளிகைக் கணக்கில் பிடித்துச் சேர்த்த சீட்டுப் பணம், வீட்டில் எல்லோருக்கும் உதவுகிற வண்டிக்குத்தான் போக வேண்டும். புதுசுக்குக் கட்டுப்படியாகாதவர்கள், 2022-க்குப் பிறகு வந்த காரை செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம். அதில் ஏர்பேக்காவது இருக்கும்.

வண்டி விஷயம் என்றாலே "உனக்கென்ன தெரியும்?" என்று நம்மை ஒதுக்கி விடுவது பல வீடுகளில் வழக்கம். கார்புரேட்டர் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாமல் இருக்கலாம். டாக்டரிடம் எந்தக் கிழமை போக வேண்டும், பிள்ளை எத்தனை மணிக்கு வருவாள், பால்காரருக்குக் கொடுத்தது போக மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் நமக்குத்தானே தெரியும்? கார் வாங்க அந்தக் கணக்கும் வேண்டும்.

எனவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வண்டியை நான் தனியாக எடுத்துப் போக முடியுமா? பின் சீட்டில் இருக்கும் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் என்ன பாதுகாப்பு? அடுத்த வருஷம் இதற்கு எவ்வளவு செலவாகும் என்று இன்றைக்கே சொல்ல முடியுமா? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் அது பழசோ புதுசோ, தாராளமாக வாங்குங்கள். வராவிட்டால், எவ்வளவு அழகான காராக இருந்தாலும் அது ஷெட்டுக்குத்தான் அழகு!

– ஒரு வாசகி,
கிழக்கு தாம்பரம்.