கார்ச்சியாவை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு,

உவர்நிலக் கோதுமைக் கட்டுரையில், ஐன்கார்ன் கோதுமையின் மரபணுவை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் டூரம் கோதுமைக்குக் கொண்டுவந்ததை விரிவாக எழுதியிருந்தீர்கள். சோடியத்தை வேரிலேயே நிறுத்தி, இலைக்கு ஏறவிடாத அந்த மரபணு உவர் வயலில் விளைச்சலை 25 சதவீதம் வரை கூட்டியதாக 2012இல் அறிவித்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ராஜஸ்தானின் பாலி மாவட்ட விவசாயிகளை எப்படி மறந்தீர்கள்? மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும் வயலில், தாக்குப்பிடித்த கதிர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து அவர்கள் காத்ததுதான் கார்ச்சியா என்ற நாட்டுக் கோதுமை. நெட்டைப் பயிர், சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. ஆனாலும் அதன் வழியில் வந்த கார்ச்சியா 65ஐ டபிள்யூ.எல். 711 என்ற கோதுமை ரகத்துடன் கலந்து, கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியதே கே.ஆர்.எல். 1-4 ரகம். பாலி வயல்களில் மிச்சமிருக்கும் நாட்டு விதைகளைச் சேகரிக்க அரசு உடனே பணம் ஒதுக்க வேண்டும். உங்கள் இதழும் அதை வலியுறுத்தி எழுதட்டும்.

– ஒரு வாசகர்